கண்ணுக்குள் ஒரு கயிற்றுக் கட்டில்!

குட்டீஸ், உங்களிடம் ஒரு கோலி குண்டு இருக்கிறதா? கருப்பு அல்லது கரும்பச்சை நிறக் குண்டாக இருந்தால் இன்னும் நல்லது. அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். கூடவே உங்கள் தம்பியையோ, பக்கத்து வீட்டு நண்பனையோ இழுத்து வாருங்கள்.

நண்பனை ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். அவனுடைய கண்ணின் கருப்புப் பகுதியை உற்றுப் பாருங்கள். குட்டியூண்டு ஜன்னல் ஒன்று தெரிகிறதா? கம்பிகள் கூடத் தெரியும். இப்போது கோலி குண்டை அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள் (கண்ணில் படவே கூடாது!). குண்டிலும் அதே ஜன்னல் தெரியும். இரண்டு ஜன்னல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன, இல்லையா?

இந்த விளையாட்டை 1619-ம் ஆண்டிலேயே ஒருவர் விளையாடிவிட்டார். அவர் பெயர் கிறிஸ்டோஃப் ஷைனர். ஜெர்மனியைச் சேர்ந்த பாதிரியார். சூரியனில் இருக்கும் கரும்புள்ளிகளை ஆராய்ந்தவர். சிறிதும் பெரிதுமாகப் பல குண்டுகளை வைத்துக்கொண்டு, எந்தக் குண்டில் தெரியும் ஜன்னல், கண்ணில் தெரியும் ஜன்னல் அளவுக்கே இருக்கிறது என்று பார்த்தார். குண்டு பெரிதானால் அதில் தெரியும் ஜன்னலும் பெரிதாகும். ஆகவே அளவு ஒத்துப்போகும் குண்டும் கண்ணும் ஒரே வளைவு கொண்டவை. ஊசி குத்தாமல், கண்ணைத் தொடாமல், கண்ணின் வளைவை அளந்துவிட்டார் மனிதர்! இன்றைய கணக்குப்படி அந்த வளைவு, ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமான விட்டம் உள்ள குண்டின் வளைவு. அதாவது, நீங்கள் தெருவில் ஆடும் சாதாரண கோலி குண்டு!

அப்படி ஜன்னலைக் காட்டும் வழுவழுப்பான பரப்புதான் கார்னியா. கைக்கடிகாரத்தின் மேலே கண்ணாடி இருக்கிறதே, அதைப்போலக் கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கிறது. செய்தித்தாள்களில் 'கருவிழி' என்று எழுதுவார்கள். உண்மையில் அதற்கு நிறமே கிடையாது. பின்னால் இருக்கும் ஐரிஸின் நிறமும் பாப்பாவின் இருட்டும்தான் நமக்குக் கருப்பாகத் தெரிகின்றன.

சின்னசேலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிணற்றில் நீந்தத் தெரிந்திருக்கும். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் கலங்கலாகத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படித்தான். காரணம் கார்னியாதான். ஒளியை வளைத்து உள்ளே குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இதுவே. உள்ளே இருக்கும் லென்ஸ் மீதியை மட்டும் பார்த்துக்கொள்கிறது. காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளையும். தண்ணீரிலிருந்து நுழையும்போது அவ்வளவாக வளையாது. கார்னியாவும் பெரும்பகுதி தண்ணீர்தானே!

ஐந்து தாள் கனம்

இதன் கனம் எவ்வளவு தெரியுமா? நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். உங்கள் நோட்டில் ஐந்து தாள்களைச் சேர்த்துப் பிடித்தால் கிட்டத்தட்ட அந்தக் கனம். இதற்குள்ளே ஐந்து அடுக்குகள் இருக்கின்றன. 2013-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பணிபுரியும் ஹர்மிந்தர் துவா என்ற இந்திய வம்சாவளி மருத்துவர், "இன்னொரு மெல்லிய அடுக்கும் இருக்கிறது" என்று அறிவித்தார். அதைத் தனி அடுக்காகக் கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா என்று மருத்துவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது தோல் மாதிரியான அடுக்கு. ஐந்து முதல் ஏழு வரிசை செல்கள். சின்னக் கீறல் விழுந்தால் ஓரிரு நாளில் தானே ஆறிவிடும், தழும்பும் இருக்காது. ஆனால் வலி மட்டும் பிராணன் போகும்! தோலில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு நெருக்கமாக நரம்பு நுனிகள் இங்கே இருக்கின்றன. ஒரு தூசி விழுந்தாலே நாம் துள்ளுவது அதனால்தான். இவ்வளவு நரம்பு இருந்தும், ஒரு ரத்தக்குழாய் கூட இல்லை. இருந்தால் ஒளியை மறைத்துவிடுமே! வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாக நேரடியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

அதற்குக் கீழே இருக்கும் நடு அடுக்குதான் இந்தக் கதையின் கதாநாயகன். மொத்தக் கனத்தில் 90 சதவீதம் இதுதான். பெயர் ஸ்ட்ரோமா.

ஸ்ட்ரோமாவைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால், 200-க்கும் மேற்பட்ட மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் விஷயமே. ஒவ்வொரு தகடும் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனது. ஓர் இழையின் தடிமன் சுமார் 30 நானோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே இப்படி 2,000 இழைகளுக்கு மேல் வரிசையாக வைக்கலாம்! ஒரு தகட்டுக்குள் எல்லா இழைகளும் ஒரே திசையில் ஓடும். அடுத்த தகட்டில் வேறு திசை. அதற்கடுத்த தகட்டில் இன்னொரு திசை.

தாத்தா வீட்டில் கயிற்றுக் கட்டில் பார்த்திருப்பீர்கள். கயிற்றை ஒரே பக்கமாக மட்டும் இழுத்துக் கட்டியிருந்தால் என்ன ஆகும்? உட்கார்ந்தவுடன் கயிறுகள் விலகி, தாத்தா கீழே இருப்பார்! குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருப்பதால்தான் எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்குகிறது. கார்னியாவும் அப்படியே. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கீத் மீக் குழுவினர், கார்னியாவுக்குள் எக்ஸ்ரே செலுத்தி இழைகள் எந்தத் திசையில் அதிகம் ஓடுகின்றன என்று ஆராய்ந்தார்கள். நடுப்பகுதியில் மேலும் கீழுமாகவும், இடமும் வலமுமாகவும் ஓடும் இழைகள் அதிகம். விளிம்புக்கு வந்தால், கார்னியாவைச் சுற்றி வட்டமாக ஓடும் இழைகள் அதிகம். கட்டிலுக்குச் சட்டம் போட்ட மாதிரி!

கண்ணில் ஏன் 'பூ' விழுகிறது?

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். கண்ணின் வெள்ளைப் பகுதியும் இதே கொலாஜன் இழைகளால் ஆனதுதான். அது வெள்ளையாக இருக்கிறது. கார்னியா மட்டும் எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கிறது?

1957-ல் டேவிட் மாரிஸ் என்ற விஞ்ஞானி இதற்கு விடை சொன்னார். கார்னியாவின் இழைகள் எல்லாம் ஒரே தடிமன். ஒன்றுக்கொன்று இடைவெளியும் ஏறக்குறைய ஒரே அளவு. இப்படி ஒழுங்காக இருந்தால், ஒவ்வோர் இழையும் பக்கவாட்டில் சிதறடிக்கும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதி அழிந்துபோகும். நேராகப் போகும் ஒளி மட்டும் மிஞ்சும். வெள்ளைப் பகுதியிலோ இழைகள் குண்டும் ஒல்லியுமாகக் கண்டபடி கிடக்கின்றன. ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது, வெள்ளையாகத் தெரிகிறது. மாரிஸ் சொன்ன அளவுக்குக் கறாரான ஒழுங்கு தேவையில்லை, ஓரளவு ஒழுங்கே போதும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அடிப்படை மட்டும் மாறவில்லை.

"அந்தப் பாட்டிக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கு" என்று ஊரில் பேசிக் கேட்டிருப்பீர்கள். அது பூவும் இல்லை, எங்கிருந்தோ வந்து விழுந்ததும் இல்லை. காயம் மேல் அடுக்கைத் தாண்டி ஸ்ட்ரோமாவுக்குள் போய்விட்டால், உடம்பு அதை அவசர அவசரமாக ஒட்டுப்போடுகிறது. அந்த ஒட்டில் இழைகள் பழைய ஒழுங்கில் இருப்பதில்லை. அவ்வளவுதான், அந்த இடம் வெள்ளையாகிவிடுகிறது.

காற்றால் ஒரு குத்து

கண் மருத்துவமனையில் முகவாயை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, "அசையாம இரு தம்பி" என்பார்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது 'புஸ்' என்று கண்ணில் காற்று அடிக்கும். தூக்கிவாரிப் போடும்! கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கிறார்கள். சாதாரணமாக இது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். சைக்கிள் டயரின் காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கார்னியா உருண்டு திரண்டு நிற்க அது போதும்.

அந்தக் காற்று பட்டதும் கார்னியா தட்டையாகி, ஒரு கணம் உள்வாங்கி, மறுபடி தட்டையாகி, பழைய நிலைக்கு வந்துவிடும். நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 2005-ல் வந்த ஒரு கருவி இதில் ஒரு வேடிக்கையைக் காட்டியது. உள்ளே போகும்போது தட்டையாக ஆகும் அழுத்தம் வேறு. வெளியே வரும்போது தட்டையாக ஆகும் அழுத்தம் வேறு! ரப்பர் பந்தாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். கார்னியா முழு ரப்பர் அல்ல. அதில் கொஞ்சம் பரோட்டா மாவின் குணமும் கலந்திருக்கிறது. மாவை வெடுக்கென்று இழுத்து விட்டால் சற்றே சுருங்கும். மெதுவாக இழுத்துக்கொண்டே இருந்தால் நீண்டுவிடும். கார்னியாவும் வேகமான குத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது.

இன்னொரு குணமும் உண்டு. கயிற்றுக் கட்டிலில் உட்காரும்போது முதலில் லேசாகத் தொய்யும். பிறகு கயிறுகள் விறைத்து நின்றுவிடும். கொலாஜன் இழைகளும் முதலில் சற்றே நெளிந்து கிடக்கும். இழுக்க இழுக்க நெளிவு நிமிர்ந்து விறைப்பாகும். முதலில் விட்டுக்கொடுத்து, பிறகு அழுத்தமாக மறுக்கும். நல்ல ஆசிரியர் மாதிரி!

சரி, மாவை நாள்தோறும் பிசைந்தால்?

அறுவடைக் காலத்தில் சின்னசேலம் வட்டாரத்தில் மக்காச்சோளத் தூசிக்குப் பஞ்சமே இல்லை. சில பிள்ளைகளுக்குத் தூசி பட்டாலே கண் அரிக்கும். முட்டியை மடக்கிக் கண்ணில் வைத்துக் கரகரவென்று தேய்ப்பார்கள். சுகமாகத்தான் இருக்கும், நானும் தேய்த்திருக்கிறேன். அப்படித் தேய்க்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் பல மடங்கு எகிறுகிறது. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால், சிலருக்குக் கார்னியாவின் நடுப்பகுதி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளத் தொடங்கும். இதன் பெயர் கெரட்டோகோனஸ். எல்லோருக்கும் வராது; பிறவியிலேயே இழைப் பின்னல் சற்று நலிந்தவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் 13, 14 வயதை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தால் டாக்டர் சந்தேகப்படுவார்.

இதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் ரொம்ப அழகானது. ரிபோஃபிளேவின் என்ற மஞ்சள் திரவத்தைக் கண்ணில் விடுகிறார்கள். வேறொன்றும் இல்லை; பாலிலும் கீரையிலும் இருக்கும் வைட்டமின் பி2தான்! பிறகு புறஊதாக் கதிரை அளவோடு பாய்ச்சுகிறார்கள். இழைகளுக்கு இடையே புதிய முடிச்சுகள் விழுகின்றன. தொய்ந்த கட்டிலின் கயிறுகளை இடையிடையே முடிச்சுப் போட்டு இறுக்குவது போல. ஆய்வுக்கூடத்தில் சோதித்த மனிதக் கார்னியாக்களின் விறைப்பு சுமார் நாலரை மடங்கு கூடியது என்று 2003-ல் எழுதினார்கள். மெலிந்தது மறுபடி தடிக்காது. மேலும் மோசமாகாமல் நிற்கும். இந்தச் சிகிச்சை இப்போது தமிழ்நாட்டிலும் செய்யப்படுகிறது.

வான்கோழியில் தொடங்கிய செதுக்கல்

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் மரச்சிற்பம் செதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் உளியை வைப்பார்கள். கார்னியாவையும் செதுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர் நம் சென்னைக்காரர்! ரங்கசாமி சீனிவாசன், 1929-ல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து அதன்மேல் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். கருகவில்லை, ஓரம் தீயவில்லை, கத்தரித்த மாதிரி சுத்தமான பள்ளம்! அவரும், ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இரண்டு நண்பர்களும் தொடங்கி வைத்ததுதான், பிற்பாடு கார்னியாவை லேசரால் செதுக்கிக் கண்ணாடி தேவையில்லாமல் செய்யும் சிகிச்சையாக வளர்ந்தது. 2013-ல் அமெரிக்க அதிபர் ஒபாமா மூவருக்கும் தேசியப் பதக்கம் அணிவித்தார். செதுக்கும் முன் டாக்டர்கள் கார்னியாவின் கனத்தைக் கட்டாயம் அளப்பார்கள். அளவு மீறிச் செதுக்கினால் கட்டிலின் கயிறே அறுந்த கதையாகிவிடும்.

எருக்கம்பாலும் மோட்டாரும்

கார்னியாவின் கடைசி அடுக்குக்கு வருவோம். உள்பக்கம், தேன்கூடு மாதிரி அறுகோணச் செல்கள் ஒரே ஒரு வரிசை. இவைதான் கார்னியாவின் தண்ணீர் மோட்டார்கள். ஸ்ட்ரோமா ஒரு பஞ்சு மாதிரி. விட்டால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போகும். உப்பினால் இழைகளின் இடைவெளி கெட்டுவிடும். மூடுபனி போட்ட மாதிரி மங்கிவிடும். அப்படி ஆகாமல் இந்தச் செல்கள் இரவும் பகலும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுகின்றன. இந்த மோட்டார்களுக்கு மின்வெட்டே கிடையாது! ஆனால் ஒன்று கெட்டால் புதிது வராது. பக்கத்துச் செல் கொஞ்சம் அகன்று அந்த இடத்தை நிரப்பும், அவ்வளவே. சிறு வயதில் ஒரு சதுர மில்லிமீட்டரில் 3,000-க்கு மேல் இருக்கும். வயதாக ஆகக் குறையும்.

பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கப் போவீர்கள்தானே? காம்பைக் கிள்ளியதும் வெள்ளையாகப் பால் வடியும். அந்தக் கையோடு கண்ணைத் தொட்டால், எருக்கம்பால் இந்த மோட்டார்களையே தாக்குகிறது. இதில் மோசமான விஷயம், பல நேரம் வலியே தெரியாது. எருக்கம்பாலுக்கு மரத்துப்போகச் செய்யும் குணம் உண்டு. வலிக்கவில்லையே என்று விளையாடிக்கொண்டிருப்பீர்கள். சில மணி நேரத்தில் பார்வை மங்கிவிடும். உடனே மருத்துவம் செய்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பார்வை திரும்புகிறது. ஆனால் செத்த மோட்டார்கள் செத்தவைதான்.

வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பு இன்னும் பொல்லாதது. பிளாஸ்டிக் பாக்கெட்டை அமுக்கி விளையாடும்போது பீய்ச்சி அடித்துக் கண்ணில் பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். சுண்ணாம்பு ஒரு காரம். அது மேல் அடுக்கைக் கரைத்துக்கொண்டு ஸ்ட்ரோமாவுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இது இரண்டில் எது பட்டாலும், முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம், இமைகளை விரித்துப் பிடித்து, விடாமல் கழுவ வேண்டும். டாக்டரிடம் போவதெல்லாம் அதற்குப் பிறகு, ஆனால் அன்றே.

கரும்புத் தோட்டத்துக்குள் ஓடும்போது சோகை கண்ணில் கிழித்துவிடுவதும் நம் ஊரில் சகஜம். கீறல் சின்னதுதான். ஆனால் சோகையோடு பூஞ்சைக் காளானின் வித்துகளும் உள்ளே போய்விடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994-ம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கார்னியாவில் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சைக் காளான். பச்சிலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யாராவது அன்போடு கண்ணில் விட வந்தால், "வேண்டாம் பாட்டி, கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்" என்று சொல்லிவிடுங்கள். காளானுக்கு வேறு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு மருந்து. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து சில சமயம் காளானை வளர்த்தே விட்டுவிடும்.

இன்னொருவர் ஜன்னல்

கார்னியா முழுக்க வெண்மையாகிவிட்டால்? 1904-ல் ஒரு கூலித் தொழிலாளிக்கு அப்படித்தான் ஆனது. இப்போது செக் குடியரசில் இருக்கும் ஓலோமோட்ஸ் நகரத்தை அடுத்த ஊர்க்காரர். சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்களும் போய்விட்டன. 1905 டிசம்பர் 7 அன்று எட்வர்ட் ஸிர்ம் என்ற டாக்டர், வேறொரு நோயாளியிடமிருந்து எடுத்த கார்னியாவை அவருக்குப் பொருத்தினார். கொடுத்தது 11 வயதுச் சிறுவன்! இரும்புத் துணுக்கு பட்டுப் பழுதான அவனுடைய கண்ணை அகற்ற வேண்டியிருந்தது; அதன் கார்னியா மட்டும் நன்றாக இருந்தது. தொழிலாளியின் ஒரு கண்ணில் அது ஒட்டிக்கொண்டது. மாதங்கள் கழித்தும் தெளிவாகவே இருந்தது. உலகில் வெற்றி பெற்ற முதல் கார்னியா மாற்று அறுவை அதுதான்.

நம் நாட்டில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை. 1819-ல் தொடங்கிய அந்த மருத்துவமனையில், 1945-ல் இந்தியாவின் முதல் கண் வங்கியை நிறுவினார் டாக்டர் ஆர்.ஈ.எஸ். முத்தையா. 1948-ல் அவரே கார்னியா மாற்று அறுவையும் செய்தார். இறந்தவரின் கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கண்ணாடி போட்டவர், வயதானவர் யாரும் கொடுக்கலாம். ரத்தக்குழாய் இல்லாததால், மற்ற உறுப்புகள் அளவுக்கு உடம்பு இதை எதிர்த்துச் சண்டை போடுவதில்லை. தலைமுடியை விட மெல்லிய நைலான் நூலால் சுற்றிலும் தையல் போடுவார்கள்.

இப்போது மோட்டார் அடுக்கு மட்டும் கெட்டிருந்தால், அதை மட்டும் மாற்றவும் வழி வந்துவிட்டது. மாற்றும் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான், தானாகவே சுருண்டுகொள்ளும். சின்னத் துளை வழியாக உள்ளே விட்டு, விரித்து, அதன் கீழே ஒரு காற்றுக் குமிழை ஊதுகிறார்கள். அதற்குத் தையல் கிடையாது. நோயாளி மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குமிழ் மேலே எழும்பப் பார்க்கும். எழும்பும்போது படலத்தைக் கார்னியாவோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். குமிழ் கரைவதற்குள் படலம் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிடும்.